தகட்டின்மேல் விழும் பழி

பழைய கல்யாண கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி டிவிடியாக மாற்றித் தரும் காரியத்தை உறவினருக்கும் நண்பருக்குமாகப் பல வருஷ காலம் செய்துவந்ததில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. படம் ஓடாவிட்டாலும், ஒலி பிசகினாலும், பாதியில் நின்று திணறினாலும், பார்க்கிறவர்கள் கையில் இருப்பது தகடு ஒன்றே ஆகையால் பழி முழுவதும் அதன் தலையில் விழுகிறது; பாவமோ, பெரும்பாலும், அதற்கு இரண்டு மூன்று படி முன்பாகவே செய்யப்பட்டிருக்கிறது. “மாப்பிள்ளே, இந்த டிஸ்க் சரியில்லை, வேறே நல்ல கம்பெனி டிஸ்க்கா வாங்கி இன்னொரு தடவை ரைட் பண்ணிக் கொடுங்க” என்று என் சின்ன மாமனார் சொல்லியனுப்பியபோது, எத்தனை உயர்ந்த தகட்டை வாங்கி எழுதினாலும் அதே ஃபைலிலிருந்து அதே கோளாறுதான் அணுவளவும் குறையாமல் வந்து நிற்கும் என்பதை அவருக்கு விளக்குவது, கோளாறைச் சரிசெய்வதைக் காட்டிலும் சிரமமாயிருந்தது.

ஆகையால் நான் முதலில் செய்வது, வந்த நோய் எந்தப் படியில் பிறந்தது என்று விசாரிப்பதேயாகும். கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றுவது ஒரு படி. ஏற்றியதை டிவிடிக்கு உரிய எம்பெக்-2 ஆக மாற்றுவது ஒரு படி. மாற்றியதற்கு மெனுவும் அத்தியாயங்களும் சேர்த்து ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டராகக் கட்டுவது ஒரு படி. தகட்டில் எழுதுவது ஒரு படி. பிளேயரில் ஓட்டுவது கடைசிப் படி. ஒவ்வொரு படி முடிந்ததும் அதன் பலனைத் தனியே ஓட்டிப் பார்ப்பதற்கு விஎல்சி போன்ற ஓர் இலவசச் சாதனமே போதும். அந்த ஃபோல்டரைத் தகட்டில் எழுதுமுன்பே அது ஒரு டிவிடியைப்போலத் திறந்து ஓட்டிக் காட்டிவிடும். அங்கே சரியாக ஓடியது தகட்டில் ஓடவில்லையென்றால் மட்டுமே தகட்டையோ டிரைவையோ சந்தேகிப்பது நியாயம். அப்போதும்கூட, அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ தகடு ஒன்றில் முதலில் எழுதி, வீட்டுப் பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு நல்ல தகட்டைத் தொடுவது விவேகம்.

கேசட்டைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈரக்காற்று வீசும் ஊர்களில் அலமாரியில் கிடந்த விஎச்எஸ் கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால், சுருளின் விளிம்பில் வெண்பொடி தூவினாற்போல் பூஞ்சை பிடித்திருப்பது தெரியும்; அதைத் துடைக்காமல் விசிஆரில் போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, பின்னால் போடும் நல்ல கேசட்டுகளையும் கெடுக்கும்.

இனி, வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் குறைக்கு வருகிறேன்: உதடு அசைந்த பிறகு சொல் கேட்கிறது, அல்லது சொல் கேட்ட பிறகு உதடு அசைகிறது. இந்தப் பிசகு இரண்டு ஜாதி. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவாக நிற்பது ஒன்று. தொடக்கத்தில் இல்லாமல், நேரம் ஆக ஆக வளர்ந்துகொண்டே போவது மற்றொன்று. இரண்டையும் பிரித்தறிவதற்குக் கல்யாண வீடியோவைப்போல் உதவுவது வேறெதுவும் இல்லை. ஏனென்றால் அதில் தவில் உண்டு. மாப்பிள்ளை அழைப்பில் தவில்காரருடைய குச்சி தோலில் படுகிற இடம் ஒன்றைத் தொடக்கத்திலும், முகூர்த்தம் முடிந்தபின் வருகிற வாசிப்பில் அதேபோன்ற இடம் ஒன்றைக் கடைசியிலும் தேர்ந்துகொண்டு, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தால், குச்சி படுவதற்கும் சத்தம் கேட்பதற்கும் இடையே எத்தனை ஃப்ரேம் வித்தியாசம் என்று எண்ணிவிடலாம். நம் நாட்டு டிவிக்குரிய பால் (PAL) முறையில் விநாடிக்கு 25 ஃப்ரேம். ஆகையால் ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லி விநாடி. முதலிலும் கடைசியிலும் 8 ஃப்ரேம் வித்தியாசமென்றால், ஒலியை 320 மில்லி விநாடி முன்னாலோ பின்னாலோ தள்ளிவிட்டால் விவகாரம் தீர்ந்தது. முதலில் பூஜ்யமாகவும் ஒரு மணி நேரம் கழித்து 25 ஃப்ரேமாகவும் இருந்தால் தள்ளுவதில் பிரயோஜனமில்லை. தள்ளினால் கடைசி சரியாகும், முதல் கெடும்.

இவ்வாறு வளர்கிற பிசகுக்குச் சகஜமான காரணம், படத்தை வாங்குகிற கேப்சர் கார்டும் ஒலியை வாங்குகிற சவுண்ட் கார்டும் தத்தம் கடிகாரத்தை நம்பி நடப்பதேயாகும். ஒன்றின் விநாடி மற்றதன் விநாடியைவிட 3600-இல் ஒரு பங்கு நீண்டிருந்தாலும் போதும். ஒரு மணி நேரத்தில் முழுதாக ஒரு விநாடி பிசகிவிடும். மருந்தும் அதே கணக்கில்தான் இருக்கிறது: ஒலியைத் தனி ஃபைலாகப் பிரித்து, ஆடாசிட்டி போன்ற ஒன்றில், ஸ்ருதி மாறாமல் காலப்பிரமாணத்தை மட்டும் அந்தப் பங்குக்கு நீட்டியோ குறுக்கியோ திரும்பச் சேர்த்தால், நாதஸ்வரக்காரரே வந்து கேட்டாலும் வித்தியாசம் தெரியாது. பிசகு சீராக வளராமல், ஓரிடத்தில் திடீரென்று அரை விநாடி தாவினால், அது வேறு ரகம்; அந்த இடத்தில் நாடா கசங்கியிருக்கும், கார்டு சில ஃப்ரேம்களைக் கைவிட்டிருக்கும். வர்ச்சுவல்டப் போன்ற மென்பொருள் ஏற்றும்போதே கைவிட்ட ஃப்ரேம்களின் எண்ணிக்கையைத் திரையோரத்தில் காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் ஏறத் தொடங்கினால், முழுவதும் முடியட்டும் என்று காத்திராமல் அங்கேயே நிறுத்தி, நாடாவை முன்னும் பின்னும் முழுக்க ஒருமுறை ஓட்டிவிட்டு மறுபடி ஏற்றுவது உத்தமம்.

ஒலியில் இன்னொரு சிறு விஷயம். டிவிடி கேட்பது விநாடிக்கு 48,000 மாதிரிகள் கொண்ட ஒலி. ஆடியோ சிடியிலிருந்து எடுத்துச் சேர்த்த பாட்டு 44,100. மினிடிவி கேமராக்கள் பலவற்றில் 12 பிட் என்று வைத்து எடுத்தது 32,000. மூன்றையும் மாற்றாமல் ஒரே படத்தில் கோத்தால் சில மென்பொருள்கள் முகஞ்சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, பிற்பாடு பழிவாங்கும். படம் வெட்டத் தொடங்குமுன்பே எல்லாவற்றையும் 48,000 ஆக்கிக்கொள்வது என் வழக்கம்.

அடுத்தது, கணினியில் ஒழுங்காகத் தோன்றி டிவியில் மட்டும் வெளிப்படுகிற கோளாறு. மணப்பெண் நடந்து வருகிறாள். நிற்கும்வரை படம் தெளிவு. நடக்கத் தொடங்கினதும் ஒவ்வோர் அடிக்கும் முன்னே ஒரு துளி, பின்னே ஒரு துளி என்று உருவம் பதறுகிறது. தகட்டில் கீறலோ என்று துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தவர்கள் உண்டு. உள்ளபடி, விநாடிக்கு 25 ஃப்ரேம் என்று நாம் சொல்வது 50 அரைப்படங்கள். ஒற்றைப்படை வரிகள் ஓர் அரை, அது மேல் அரை; இரட்டைப்படை வரிகள் மற்றோர் அரை, அது கீழ் அரை. எந்த அரை முந்தியது என்பதை மாற்றும் மென்பொருளுக்குத் தலைகீழாகச் சொல்லிவிட்டால், பிந்திய கணம் முந்தியும் முந்திய கணம் பிந்தியும் திரைக்கு வருகிறது. அசையாத பொருளில் இது தெரியாது, அசைவில்தான் தெரியும். மினிடிவி கேமராவின் டிவி (DV) ஃபைலில் கீழ் அரை முதலில் வரும். கேப்சர் கார்டுகள் பலவற்றில் மேல் அரை முதலில். மாற்றும் மென்பொருளின் அமைப்பில் இதற்கென்று உள்ள ஒரு தேர்வை மாற்றி, மணப்பெண் நடக்கும் அரை நிமிஷத்தை மட்டும் மறுபடி மாற்றிப் பார்த்தால் நொடியில் விளங்கிவிடும். சிலர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று இரண்டு அரைகளையும் கலந்து ஒன்றாக்கிவிடுகிறார்கள். டிவிடிக்கு அது வேண்டாத வேலை. அசைவின் மிருதுத்தன்மை அதனால் பாதியாகக் குறைகிறது என்பது என் கண்ணுக்குப் பட்டது.

அளவுக் கணக்கில் ஏமாறுகிறவர்களும் அநேகம். தகட்டின் உறையில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருக்கும். விண்டோஸ் அதையே 4.38 என்று காட்டும். ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறவனுக்கும் 1024 ஆக எண்ணுகிறவனுக்கும் உள்ள பேதமே அது; வியாபாரி இதில் திருடவில்லை. இரண்டு மணி நேரப் படத்தை அதில் அடக்க வேண்டுமானால், படமும் ஒலியும் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 5.2 மெகாபிட்டுக்கு மேல் போகக்கூடாது. மூன்று மணி நேரமானால் 3.4 தான். இந்தக் கணக்கைப் போடாமல் ‘மிக உயர்ந்த தரம்’ என்ற பொத்தானை அமுக்கிவிட்டுத் தூங்கப்போனால், காலையில் தகட்டுக்குள் அடங்காத ஒரு ஃபைல் காத்திருக்கும். படம் குட்டையானதென்று விதி அனுமதிக்கும் 9.8 மெகாபிட் உச்சம்வரை போவதும் சரியன்று. விலை மலிவான பிளேயர்கள் வீட்டில் எழுதிய தகட்டை அந்த வேகத்தில் படிக்க மாட்டாமல் திக்கும். 8-க்குள் நிறுத்துவது நலம். ஏற்றும் படியிலும் அளவு குறுக்கிடுவதுண்டு. ஏற்றும்போது சரியாக 20 நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக நின்றுவிடுகிறது என்று ஒருவர் கேமராவையும் கேபிளையும் மாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய ஹார்டு டிஸ்க் ஃபேட்32 முறையில் அமைந்திருந்தது. அம்முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட இயலாது. மணிக்கு 13 ஜிபி விழுங்குகிற டிவி (DV) ஃபைல் 20 நிமிஷத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றியவுடன் அவர் கேபிள் வாங்குவது நின்றது.

எழுதும் படியிலேயே பிறக்கிற கோளாறுகள் இல்லாமலும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி இருந்த காலத்தில், நேற்றுவரை கால் மணியில் எழுதிய டிரைவ் இன்று மணிக்கணக்காக முக்கி, மவுஸைக்கூட அசையவிடாமல் செய்தால், நான் டிரைவை மாற்றச் சொல்வதில்லை. கீறல் விழுந்த தகடு ஏதாவது ஒன்றைப் படிக்கப்போய்ப் பிழைகள் ஆறு சேர்ந்துவிட்டால், அந்த விண்டோஸ் தானாகவே டிரைவை டிஎம்ஏ என்ற வேகமான பாதையிலிருந்து பிஐஓ என்ற பழைய பாதைக்குத் தள்ளிவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல தகடு வைத்தாலும் மீளாது. டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவ் இணைந்திருக்கும் ஐடிஇ சேனலை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடக்கினால், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்துப் பழைய வேகத்தைக் கொடுத்துவிடும். செலவு ஒரு காசு இல்லை.

வேகத்தைப்பற்றி நிலவும் நம்பிக்கை ஒன்றை நான் முழுவதும் ஒப்புக்கொள்வதில்லை. எவ்வளவு மெதுவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்பார்கள். 16 மடங்கு என்று குறித்த தகட்டை அதே வேகத்தில் எழுதுவது அவசரம். ஆனால் அதை மிகக் குறைந்த வேகத்தில் எழுதித் தவம் கிடப்பதாலும் பலன் கண்டதில்லை. 8 மடங்கு எனக்குப் போதுமாயிருந்தது. கடைசிக் கால் மணிப் படம் மட்டும் திக்குகிறது என்று வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தகடு உள்ளிருந்து வெளிப்புறமாக எழுதப்படுகிறது, கடைசிப் பகுதி விளிம்பில் விழுகிறது, அங்கேதான் சாயப்பூச்சும் சீராக இராது, விரல் ரேகையும் படும். 4.38 இருக்கிறதென்று முட்ட நிரப்பாமல் 4.2-இல் நிறுத்தினால் இந்தக் குறை பெரும்பாலும் தோன்றுவதில்லை. ஃபைனலைஸ் செய்யாத, அதாவது எழுதி முடித்தபின் மூடி முத்திரையிடாத தகடு எழுதிய கணினியில் ஓடும், வீட்டுப் பிளேயர்களில் பெரும்பாலும் ஓடாது. மணமக்கள் படத்தை அச்சிட்டுத் தகட்டின் முதுகில் ஒட்டித் தருவது பார்வைக்கு அழகுதான். சுழலும்போது பாரம் ஒருபக்கம் இழுத்து, கோடையில் ஓரம் சுருண்டு, பிளேயருக்குள் தகடு சிக்கிக்கொள்வதற்கும் அந்த அழகே காரணமாகிறது.

இப்போதெல்லாம் ஆற்றின் போக்கே திரும்பிவிட்டது. லேப்டாப்பில் டிரைவ் இல்லை, டிவிடி பிளேயரும் வீட்டில் இல்லை. அன்று எழுதிக் கொடுத்த தகடுகளை எம்பி4 ஆக்கி வாட்ஸப்பில் அனுப்பும்படி அதே உறவினர்கள் கேட்கிறார்கள். இதில் புதிதாக வருகிற ஒரு புகார், “ஏன் எல்லாரும் இளைச்சுப்போய்த் தெரியறாங்க?” என்பது. பால் டிவிடியில் படம் 720-க்கு 576 என்று பதிந்திருந்தாலும், அதன் புள்ளிகள் சதுரமல்ல. சாதாரணத் திரைக்கு 768-க்கு 576 ஆகவும், அகலத் திரைக்கு 1024-க்கு 576 ஆகவும் விரித்துக் காட்டவேண்டும். மாற்றும் மென்பொருள் அதைக் கவனியாமல் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், அகலத் திரைக்கு எடுத்த கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவர் முதல் மணமகனின் பாட்டனார்வரை ஒருவர் பாக்கியில்லாமல் மெலிந்துபோகிறார்கள். ஹேண்ட்பிரேக்கிலோ எஃப்எஃப்எம்பெக்கிலோ அகலத்தை இந்த எண்களில் குறிப்பிட்டுவிட்டு, முன்பு டிவிடிக்கு வேண்டாமென்று தள்ளிய அந்த அரைப்படக் கலப்பை இங்கே அவசியம் செய்யவேண்டும். செல்போன் திரைக்கு அரைப்படம் என்ற விவகாரமே தெரியாது. அதிலும் 50 அரைகளையும் 50 முழு ஃப்ரேமாக விரிக்கும் முறையைத் தேர்ந்தால் மணப்பெண்ணின் நடை பழைய டிவியில் பார்த்த அதே மிருதுவோடு வரும். ஃபைல் சற்றுப் பெரிதாகும். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தானே மறுபடி அமுக்கி அத்தனை பாடுகளையும் வீணாக்கிவிடும் ஆகையால், டாக்குமென்ட் என்று தேர்ந்து அனுப்ப வேண்டும்.