சுருட்டை முடிக்குச் சீப்பு எப்போது?

கேள்வி: என் முடி சுருட்டை. தலைவாரினால் பரட்டையாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. ஸ்ட்ரெயிட்டனிங் செய்துவிடலாமா?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: செய்தாலும், வேரிலிருந்து புதிதாக வளர்வது சுருட்டையாகத்தான் வரும். அந்தப் பணம் மிச்சமாகட்டும். காய்ந்த முடியை வாருவதால்தான் இந்தப் பரட்டை. தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசை வளைவுகளைத் தாண்டி நுனிவரை எளிதில் இறங்காது. அதனால் சுருட்டை முடி சீக்கிரம் வறண்டுவிடும். வாரம் இரண்டு முறைக்கு மேல் ஷாம்பு வேண்டாம். கண்டிஷனரை நுனிப்பக்கம் தாராளமாகத் தடவி, ஈரத்தோடேயே பெரிய பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். அதோடு சீப்பை வைத்துவிடுங்கள். துண்டால் பரபரவென்று துவட்டாமல், அப்பாவின் பழைய வேட்டியால் ஒற்றியெடுங்கள். ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய வழவழப்பான கூழை ஈரமுடியில் பூசிக் கையால் கசக்கிவிட்டால் சுருள் அழகாக நிற்கும். விலை உயர்ந்த ஜெல்லெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.