ஓடையில் கரன்ட் எடுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் தோட்டத்து ஓரமாக ஓடை ஓடுகிறது. கரன்ட் இணைப்பு இல்லை. நீர்ச்சக்கரம் வைத்தால் கட்டுப்படியாகுமா?

பதில்: சக்கரத்துக்கு முன்னால் பக்கெட்டை எடுங்கள். மழைக்காலத்தில் அல்ல, மாசி, பங்குனியில். ஓடைநீரைக் குழாயில் திருப்பி, 20 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 4 என்றால் விநாடிக்கு 5 லிட்டர். அது 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கணக்குப்படி சுமார் 200 வாட். பெல்ட்டும் டைனமோவும் தின்றதுபோக 100 தேறும். அற்பமில்லை, ராப்பகலாக ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட். விளக்கு, ஃபேன், டிவிக்குப் போதும். கிரைண்டருக்கு பேட்டரியும் இன்வெர்ட்டரும் வேண்டும். 4 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற பெரிய சக்கரம் பார்க்க அழகுதான், ஆனால் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் சுற்றாது; டைனமோவுக்கு அந்த வேகம் போதாது. 20 மீட்டர் சரிவு கிடைத்தால் குழாயும் சின்ன பெல்டன் டர்பைனுமே மேல். ஓடை புறம்போக்கா? தாலுகா ஆபீஸில் முதலில் கேளுங்கள். நீர் நுழையும் இடத்தில் வைக்கும் சல்லடையில் அடைக்கும் சருகைத் தினமும் அள்ள ஆளில்லையென்றால், பேசாமல் சோலார் போடுங்கள்.