மனசுக்கும் ஒரு வரவு நோட்டு



சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று கேட்டால் நம் குழுப் பெண்கள் டக்கென்று சொல்வார்கள். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். செலவை மட்டும் எழுதிவிட்டு வரவை எழுதாமல் விட்டால் தணிக்கைக்கு வருபவர் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்வாரா? மாட்டார்.

ஆனால் மனசுக்குள் நாம் வைத்திருக்கும் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. ராத்திரி படுத்தால் மாமியார் சொன்ன சொல், தவணைத் தேதி, மகனின் காய்ச்சல் எல்லாம் வரிசையாக வருகிறது. அதே நாளில் பக்கத்து வீட்டு அக்கா நம் பிள்ளைக்குச் சோறு போட்டார். மகள் சொல்லாமலே தண்ணீர் பிடித்து வைத்தாள். இந்த இரண்டும் ஞாபகத்துக்கு வருவதில்லை. அந்த வரவையும் எழுதி வைக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம். இதை நன்றிக் குறிப்பேடு என்று சொல்லலாம்.

மனசு ஏன் இப்படிச் செய்கிறது?

இது நம் குற்றம் இல்லை. பாம்பைப் பார்த்த இடத்தை மறக்காமல் இருந்தால்தான் உயிர் பிழைக்கலாம். பூ பூத்த இடத்தை மறந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அதனால் கெட்டதை இறுகப் பிடித்துக்கொள்வதும், நல்லதைச் சீக்கிரம் விட்டுவிடுவதும் மனித மனசின் இயல்பு.

இன்னொன்று, நல்லது பழகிப்போகும். தெருவுக்குக் குழாய் வந்த முதல் வாரம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! இப்போது தண்ணீர் வராத அன்றைக்குத்தான் அந்தக் குழாய் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். வாரம் ஒரு முறை, ஒரு பிரிவினர் நன்றியோடு நினைக்கும் விஷயங்களை எழுதினார்கள். இரண்டாவது பிரிவினர் எரிச்சலூட்டியதை எழுதினார்கள். மூன்றாவது பிரிவினர் நடந்ததைப் பொதுவாக எழுதினார்கள். சுமார் பத்து வாரம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவினர் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். நரம்பு, தசை நோய் உள்ளவர்கள் 21 நாள் தினமும் எழுதியபோது அவர்களுக்குத் தூக்கமும் கூடியது.

ஒன்றை உள்ளபடி சொல்லிவிடுகிறோம். இது மருந்து இல்லை. பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், மனச்சோர்வு நோய்க்கு இதனால் கிடைக்கும் பலன் சிறிதுதான் என்று சொல்கிறார்கள். செலவில்லாத ஒரு நல்ல பழக்கம், அவ்வளவுதான்.

எப்படி எழுதுவது?

1. பிள்ளைகளின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் வெள்ளைத் தாள் போதும். புதிதாக வாங்க வேண்டாம்.

2. வாரம் ஒரு நாளோ இரண்டு நாளோ போதும். தினமும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கடமைக்கு எழுதத் தொடங்கிவிடுவோம்.

3. மூன்று விஷயம் போதும். ஒன்றுதான் கிடைத்தது என்றால் ஒன்று.

4. பொதுவாக எழுதாதீர்கள். "குடும்பத்துக்கு நன்றி" என்பதைவிட, "களை எடுத்துட்டு வந்தப்ப சின்னவ காலுக்கு வெந்நீர் வச்சிருந்தா" என்பதுதான் மனசில் நிற்கும்.

5. அது ஏன் நடந்தது, யாரால் நடந்தது என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் உழைப்பால் நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள். நம் உழைப்பும் வரவுதான்!

6. மனசு கனமாக இருக்கும் நாளில் பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.

எழுத வராதவர்கள் ஒரு டப்பாவில் புளியங்கொட்டை போடலாம். ஒரு நல்லதுக்கு ஒரு கொட்டை. போடும்போது அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பள்ளிக்குப் போகும் பேத்தியிடம் சொல்லி எழுதச் சொன்னாலும் சரி.

நாங்கள் செய்த தவறு

இதை முதலில் மூன்று குழுக்களில் தொடங்கினோம். ஆர்வக்கோளாறில், "தினமும் அஞ்சு எழுதணும், மாதக் கூட்டத்துல எல்லாரும் வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டோம். இரண்டு மாதம் கழித்து நோட்டுகளைப் பார்த்தால், எல்லாவற்றிலும் சூரியனுக்கு நன்றி, மழைக்கு நன்றி, குழுவுக்கு நன்றி! கூட்டத்துக்கு முதல் நாள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது.

ஒரு சகோதரியின் நோட்டு மட்டும் காலியாக இருந்தது. ஏன் என்று கூட்டத்திலேயே கேட்டுவிட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு சொன்னார்: "அடி வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கேன் மேடம். வீட்டுக்காரருக்கு நன்றின்னு எழுதச் சொல்றீங்களா?"

எங்களுக்குத் தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்டோம். அன்றோடு வாசிக்கச் சொல்வதை நிறுத்தினோம். அவரோடு உட்கார்ந்து 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசினோம்.

சில வாரம் கழித்து அவரே நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஒரே ஒரு வரி. "ராத்திரி கதவைத் தட்டினேன். எதிர்வீட்டுப் பெரியம்மா ஒண்ணும் கேக்காம பாய் விரிச்சாங்க." பெயர் இல்லாமல் போடலாம் என்று அவர் அனுமதி தந்ததால் இங்கே சொல்கிறோம். பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கப் போன அன்றைக்கு அவரோடு பஸ் ஏறியதும் அந்தப் பெரியம்மாதான். நமக்கு யார் துணை என்று அந்த ஒரு வரி அவருக்குக் காட்டியிருக்கிறது.

எது நன்றி இல்லை?

அடியைப் பொறுத்துக்கொள்வது நன்றி இல்லை. குறைந்த கூலியை "இதாவது கெடச்சுதே" என்று வாங்கிக்கொள்வதும் நன்றி இல்லை. கந்துவட்டிக்காரர் அவசரத்துக்குக் கொடுத்தார் என்பதற்காக அநியாய வட்டிக்குத் தலையாட்ட வேண்டியதும் இல்லை. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அது, நமக்கு நல்லது செய்தவர்களை மறக்காமல் இருப்பதைப் பற்றியது. 

வரவு நோட்டு எழுதினால் செலவு மறைந்துவிடாது. இரண்டையும் பார்த்தால்தான் கணக்கு சரியாகும். கஷ்டத்தையும் எழுதத் தோன்றினால் எழுதுங்கள். நோட்டு உங்களுடையது. யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. வீட்டில் யாராவது எடுத்துப் படித்தால் பிரச்சினை வரும் என்றால் எழுத வேண்டாம், புளியங்கொட்டையே போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் நோட்டோடு நிறுத்தாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416. பெண்கள் உதவி எண் 181. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

குழுவில் பேசிப் பார்க்க

• போன வாரம் உங்களுக்கு உதவிய ஒருவர் யார்? அவரிடம் அதைச் சொன்னீர்களா?

• நீங்கள் செய்த எந்த வேலையை வீட்டில் யாரும் கவனிப்பதே இல்லை?

• நம் குழுவில் யார் கொஞ்ச நாளாகப் பேசாமல் இருக்கிறார்? யார் போய்ப் பார்ப்பது?

விருப்பம் உள்ளவர்கள் மட்டும் பேசினால் போதும். பேசாதவரை வற்புறுத்த வேண்டாம். இந்தப் பாடத்தை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அந்தக் காலி நோட்டுச் சகோதரிதான். அவருக்கு எங்கள் நன்றி!