பழைய காடிக்கு எத்தனால் வேண்டாம், தம்பி!

மோரிஸ் மைனர், டட்சன் 120ஒய், தாத்தா விட்டுப்போன பீட்டல் என்று வீட்டில் ஒன்றை வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கச்சிகளுக்குத்தான் இது. "அக்கா, எத்தனால் கலந்த எண்ணெயில் ஒக்டேன் அதிகமாமே, ஊற்றிப் பார்க்கலாமா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். வேண்டாம். காரணம் படிக்க நேரமில்லாதவர்கள் 3-ஆம் குறிப்பை மட்டும் படித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

1. பினாங்கில் ஓட்டுகிறவரை பயமில்லை. நம் நாட்டில் பாமாயில் கலப்பது டீசலில்தான். பெட்ரோலில் எத்தனால் கலந்தே ஆக வேண்டும் என்ற விதி கிடையாது. வம்பு தொடங்குவது புக்கிட் காயு ஹீத்தாம் தாண்டிய பிறகு. தாய்லாந்தில் 'கேஸோஹோல்' 95, 91 இரண்டிலும் 10 விழுக்காடு எத்தனால். இ20 என்றால் 20 விழுக்காடு.

2. ஒக்டேன் ஆசையை விடுங்கள். 1098 சிசி மைனரின் கம்ப்ரஷன் 8.5-ஐத் தாண்டாது, நம்ம ஊர் 95-லேயே சுகமாக ஓடும். அதற்குமேல் ஒக்டேன் கொடுத்தாலும் அதற்குப் பயன்படுத்தத் தெரியாது. மைலேஜ்தான் குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி கம்மி. 10 விழுக்காடு கலந்தால் 3 விழுக்காடு அளவுக்கும், இ20-இல் 6, 7 விழுக்காடு வரைக்கும் தூரம் குறையும்.

3. ஹட்யாய் மட்டும்தானே போகிறீர்கள்? சங்லூனில் டேங்கை நிரப்பிவிட்டு எல்லை தாண்டுங்கள். பினாங்கில் நிரப்பியதே போதும் என்று கணக்குப் போடாதீர்கள். மைனர் டேங்க் 30 லிட்டருக்குக் கிட்ட. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும், சங்லூனிலிருந்து போய்வர ஆகும் 140 கிலோமீட்டருக்குத் தாராளம். தாய்லாந்தில் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம். 2025 செப்டம்பர் கடைசியில் மைகாட்டைக் காட்டினால் லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று வந்த பிறகுமா அங்கே போய் அதிகக் காசு கொடுத்துக் கெடுதலை வாங்குவீர்கள்? அதற்காக டின்னில் ஊற்றி டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். தீப்பிடித்தால் காடியும் இல்லை, நீங்களும் இல்லை.

4. கிராபி, புக்கெட் என்று நீளமாகப் போகிறவர்கள் எண்ணெய் நிலையத்தில் 'பென்சின்' என்று கேளுங்கள். அதுதான் எத்தனால் கலக்காதது. வெறுமனே "95" என்றால் கேஸோஹோலை ஊற்றிவிடுவார்கள். பென்சின் எல்லா நிலையத்திலும் இருக்காது, விலையும் கூட. கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கிடைக்கவே இல்லையா, கேஸோஹோல் 95 அரை டேங்க். ஒரு தடவை ஊற்றியதற்கு இன்ஜின் செத்துவிடாது. இ20, இ85 பக்கம் மட்டும் போகாதீர்கள்.

5. திரும்பி வந்ததும் காடியை மூடிப்போட்டு மூலையில் நிறுத்துகிறீர்களே, அங்கேதான் முழுச் சேதமும். எத்தனால் தண்ணீரை இழுக்கும். நம்ம தீவுக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? பாதி டேங்க் காலியாகக் கிடந்தால் உள்ளே வேர்த்துச் சொட்டும். 10 விழுக்காடு கலப்பில் தண்ணீர் அரை விழுக்காட்டைத் தொட்டாலே, அதாவது 30 லிட்டருக்கு ஒரு சின்ன கிளாஸ் சேர்ந்தாலே, எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். இன்ஜினுக்கு எண்ணெய் உறிஞ்சும் குழாய் இருப்பதும் அடியில்தான். மறுமாதம் சாவி போட்டால் இருமும், எழும்பாது. டேங்க் அடித்தகடு துருப்பிடிக்கும், கார்புரேட்டர் உள்ளே வெள்ளைப் பொடி பூக்கும். ஆகவே மிச்ச எண்ணெயை அந்த வாரமே பத்து ஃபெரிங்கி, பாலிக் புலாவ் என்று சுற்றித் தீர்த்துவிட்டு, நம்ம எண்ணெயால் டேங்கை முழுக்க நிரப்பி நிறுத்துங்கள்.

6. ரப்பர் ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ, பிசுபிசுவென்று ஒட்டினாலோ, காலையில் கதவைத் திறந்ததும் எண்ணெய் வாடை வந்தாலோ உடனே மாற்றுங்கள். பழைய ரப்பரும் கார்க் கேஸ்கட்டும் எத்தனாலுக்குத் தாங்காது. ஃபோமனிடம் "நல்ல ஹோஸாப் போடுங்க" என்று சொன்னால் கையில் கிடைத்ததைத்தான் போடுவார். 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். எத்தனால் டேங்கின் பழைய கசடையும் கிளறிவிடும். ஃபில்டர் ஒன்று கூடுதலாக டிக்கியில் இருக்கட்டும்.

7. போகிற வழியில் காடி திக்குகிறதா, சூடாகிறதா? எத்தனாலால் கலவை மெலிந்துவிட்டது. எஸ்.யூ. கார்புரேட்டரில் ஜெட் நட்டை அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்கம் அளவுக்குத் திருப்பிக் கீழே இறக்கினால் போதும். ஊர் திரும்பியதும் பழையபடி ஏற்றிவிட மறக்காதீர்கள். மறந்தால் ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கும்.

8. கடையில் விற்கும் குட்டி பாட்டில் மருந்துகள் துருவைத் தடுக்கலாம். ரப்பரைக் காப்பாற்றாது, மெலிந்த கலவையையும் சரிசெய்யாது. ஹோஸுக்குக் கொடுக்க வேண்டிய காசை அதில் போடாதீர்கள்.

சென்னையில் அம்பாசடர் வைத்திருக்கிற மாமா யாராவது இருந்தால் 5, 6, 7-ஐ மட்டும் அனுப்பிவையுங்கள். அங்கே எத்தனால் வேண்டாம் என்று ஒதுங்க வழி குறைவு. 20 விழுக்காடுதான் பொது எண்ணெய். கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று போட்ட வழக்கை 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. மாமாவை முதலில் ஹோஸை மாற்றச் சொல்லுங்கள், பிறகு ஜெட்.