கண்ணின் கணக்கும் கைப்பேசியின் ஒளியும்

புனே நகர விளக்குகளைக் கடந்து ஒரு குன்றின்மேல், விண்மீன் காண நண்பர்கள் சிலர் சென்றிருந்தோம். நான் எழுதிய வான்வரைபடச் செயலி என் கைப்பேசியில் இருந்தது. அதை மூடினேன், மங்கியிருந்த திரை பளீரெனப் பழைய ஒளிக்குத் தாவிற்று. "அடேய், அரைமணி நேரம் இருட்டில் பழக்கிய கண்ணைக் கெடுத்துவிட்டாயே!" என்றான் அருகிலிருந்த நண்பன். அவன் சினம் நியாயமே. இருளுக்குக் கண் முழுதும் பழக ஏறக்குறைய அரைமணி ஆகும். அதை இழக்க ஒரு நொடி போதும்.

விடுதிக்குத் திரும்பியதும், ஒளி ஒரு நொடிக்குள் படிப்படியாக ஏறுமாறு திருத்தினேன். என் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. ஆகவே 60 படிகள். 5 நிட் ஒளியிலிருந்து 500 நிட் வரை செல்லப் படிக்கு 8.25 நிட் கூட்டினேன். கணக்கு சரியே, கண்தான் ஒப்பவில்லை. தொடக்கத்தில் அதே தாவல். பிற்பகுதியில் ஒன்றுமே நிகழாதது போன்ற மந்தம்.

விடையைத் தேடியபோது நம் சென்னைக்கே வந்து சேர்ந்தேன். நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தில் 1861 முதல் 1891 இல் இறக்கும்வரை அரசாங்க வானியலாராய் இருந்தவர் நார்மன் போக்சன். ஆசியா என்னும் சிறுகோளை அவர் கண்டதும் சென்னையிலிருந்தே. இந்தியா வருமுன், 1856 இலேயே, அவர் ஒரு விதியை முன்மொழிந்திருந்தார். வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களைப் பண்டையோர் ஆறு தரங்களாக வகுத்திருந்தனர் அல்லவா? முதல் தரத்து மீன் ஆறாம் தரத்து மீனைவிட 100 மடங்கு ஒளியுடையது என்று கொண்டால், தரத்துக்குத் தரம் ஒளி 2.512 மடங்கு பெருகும் என்றார். கண் சமமான படியென்று உணர்வது சமமான கூட்டலையன்று, ஏறக்குறைய சமமான பெருக்கலையே என்பது இதன் உட்பொருள்.

இப்போது என் பிழையைப் பாருங்கள். முதற்படியில் 5 நிட் 13.25 ஆயிற்று, 2.65 மடங்கு! ஒரே படியில் ஒரு தரத்துக்கும் மேல். இறுதிப் படியிலோ ஏற்றம் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. கூட்டுவதை விட்டு ஒவ்வொரு படியிலும் 1.08 ஆல் பெருக்கினேன். ஒரு தரம் ஏற 12 படிகள். ஐந்து தரங்களுக்கு 60. ஒளி விடியல்போல் ஏறிற்று.

ஆண்ட்ராய்டில் எழுதுவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். சாளரத்தின் ஒளிமதிப்பு 0 முதல் 1 வரை. ஆனால் தொடக்கத்தில் அது -1 என்றிருக்கும். அது ஒளியளவன்று, 'கைப்பேசியின் பொது அமைப்பையே பின்பற்றுக' என்ற குறிப்பு. ஆகவே நடப்பு ஒளியை முதலில் கேட்டறிய வேண்டும். மற்றொன்று, சுழியை எதனால் பெருக்கினும் சுழியே. சிறிய கீழெல்லை ஒன்று தேவை. ஆண்ட்ராய்டின் ஒளிச்சறுக்கிகூட இப்பெருக்கல் முறைக்கு மாறியது 2018 இல்தான்.

நண்பனிடம் காட்டினேன். "நன்று, ஆனால் மெல்ல ஏறினாலும் 500 நிட் 500 நிட்தானே?" என்றான். உண்மை. கண் கூசாதிருக்குமேயன்றி, இருட்பழக்கம் அழியவே செய்யும். இப்போது செயலியை மூடினாலும், நான் தொட்டுக் கேட்கும்வரை திரை ஏறாது.