அரசு லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. போடலாமா?

கேள்வி: 2018-ல் பிளஸ் டூ முடித்தபோது பள்ளியில் கொடுத்த லெனோவா லேப்டாப் இன்னும் என்னிடம் இருக்கிறது. பி.காம். முடிக்கும்வரை அதில்தான் படித்தேன். இப்போது வேடசந்தூரில் சின்னதாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், இரண்டு மளிகைக் கடைகளின் டேலி கணக்கு எல்லாமே அந்த லேப்டாப்பில்தான். ஆன் செய்து டெஸ்க்டாப் வருவதற்குள் வந்தவர் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். எஸ்.எஸ்.டி. மாற்றி, விண்டோஸ் 11-ம் போட்டால் புதுசு மாதிரி ஓடும் என்று திண்டுக்கல்லில் ஒரு சர்வீஸ் கடையில் சொல்கிறார்கள். பழைய மெஷினில் காசைக் கொட்டாதே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? மாற்றும்போது என் ஃபைல்கள் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
வாசகி, வேடசந்தூர்

பதில்: எஸ்.எஸ்.டி. போடுங்கள். விண்டோஸ் 11 வேண்டாம். ஃபைல்களைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, அதனால் அதற்குத்தான் இந்தப் பதிலில் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

உங்கள் கேள்வி பலருடைய கேள்வி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் மூலம் வாங்கி வழங்கப்பட்டவை ஐம்பது லட்சத்துக்கும் மேல். அவற்றில் கணிசமானவை இன்னும் பீரோவில் கிடக்கின்றன, அல்லது உங்களுடையதைப் போல உழைத்துக்கொண்டிருக்கின்றன. செயலி சாதாரணம்தான். ஆனால் டைப்பிங்குக்கும் கணக்குக்கும் போதும். அந்த மெஷின்களைக் காலப்போக்கில் படுக்க வைத்தது உள்ளே இருக்கும் 5400 ஆர்.பி.எம். ஹார்டு டிஸ்க்.

5400 ஆர்.பி.எம். என்றால் தட்டு நொடிக்கு 90 சுற்று சுற்றுகிறது. கேட்ட தகவல் முள்ளின் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி. முள் நகர்ந்து சரியான தடத்துக்குப் போக இன்னும் பத்துப் பன்னிரண்டு. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு அறுபதைத் தாண்டுவதே கஷ்டம். விண்டோஸ் எழுந்திருக்கும்போது படிப்பதெல்லாம் அப்படிச் சிதறிய துண்டுகள்தான், அதுவும் ஆயிரக்கணக்கில். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. அதே நொடியில் பல ஆயிரம் துண்டுகளைப் படித்துவிடும். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் 550 எம்.பி. வேகத்தைவிட உங்களுக்குப் பயன்படப்போவது இந்த வித்தியாசம்.

காசை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. லேப்டாப்பை ஆன் செய்து டெஸ்க்டாப் வந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' என்ற பத்தி 100 சதவீதத்தில் நின்று, 'சி.பி.யூ.' இருபது, முப்பதில் இருந்தால் நோய் ஹார்டு டிஸ்க்கில்தான். சி.பி.யூ. நூறில் நின்றால் கதை வேறு. வேடசந்தூர் பக்கம் நூல் மில்கள் அதிகம். மில்லுக்குப் பக்கத்தில் ஓடும் லேப்டாப்பின் ஃபேனைத் திறந்தால் பஞ்சு மெத்தை போல அடைத்திருக்கும். காற்றுப் போக வழியில்லாமல் சூடேறினால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு எஸ்.எஸ்.டி. மருந்தல்ல, ஃபேனைச் சுத்தம் செய்து, செயலிமேல் பேஸ்ட் மாற்ற வேண்டும். எப்படியும் பின்மூடியைக் கழற்றத்தான் போகிறார்கள், இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்லுங்கள்.

இனி ஃபைல்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். 'குட்' என்று நீலத்தில் வந்தால் நிதானமாகச் செய்யலாம். மஞ்சளில் 'காஷன்' என்று வந்தாலோ, லேப்டாப்பிலிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டாலோ, மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் முக்கியமானவற்றைப் பென் டிரைவில் ஏற்றுங்கள். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் எல்லோரும் எடுப்பார்கள். உங்களைப் போல டைப்பிங் தொழில் செய்பவர்கள் மறப்பது வேறு இரண்டு.

ஒன்று, ஃபாண்ட். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டாலும் பாமினியிலும் வானவில்லிலும் அடித்த பழைய மனுக்கள், பத்திர மாதிரிகள் உங்களிடம் நூற்றுக்கணக்கில் இருக்கும். புது விண்டோஸில் அந்த ஃபாண்ட் இல்லாமல் திறந்தால் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தே விடுபவர்களும் உண்டு. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து நீங்கள் பயன்படுத்தும் தமிழ் ஃபாண்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, டேலி. டேட்டா ஃபோல்டரைக் காப்பி எடுத்தால் மட்டும் போதாது. லைசென்ஸ் வாங்கிய டேலி என்றால் அது அந்த மெஷினோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் டேலிக்குள் போய் லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டு, புதிய டிஸ்க்கில் மறுபடி ஆக்டிவேட் செய்யுங்கள். மறந்தால் டேலி பார்ட்னருக்குப் போன் போட்டு அலைய வேண்டியிருக்கும்.

எதை வாங்குவது? உங்கள் லேப்டாப்பில் இருப்பது 2.5 இன்ச் சாட்டா ஹார்டு டிஸ்க். அதே இடத்தில் உட்காரும் 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி., 240 அல்லது 256 ஜி.பி. போதும். மனுவும் கணக்கும் எவ்வளவு இடம் பிடித்துவிடும்? கிங்ஸ்டன், டபிள்யூ.டி., குருசியல் மாதிரி தெரிந்த பெயராகப் பாருங்கள். குருசியல் பிராண்டின் நுகர்வோர் விற்பனையிலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்திருக்கிறது, அதனால் கடையில் இருப்பது பழைய சரக்காக இருக்கலாம். வாரண்டி அதற்கும் உண்டு. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து எஸ்.எஸ்.டி., ரேம் இரண்டும் விலை ஏறிவிட்டன. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். நம்ப முடியாத விலைக்கு ஆன்லைனில் '2 டி.பி.', '4 டி.பி.' என்று விற்பதில் போலிகள் உண்டு. கொள்ளளவைப் பெரிதாகக் காட்டும். உண்மையான இடம் நிரம்பியதும் ஃபைல்களை விழுங்கும். சீரியல் எண் எழுதிய பில் கொடுக்கும் திண்டுக்கல் கடையே மேல். சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டிய பொருளும் அல்ல இது.

எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றும் யாராவது சொல்வார்கள். கிங்ஸ்டன் ஏ400, 240 ஜி.பி. டிரைவுக்கு நிறுவனம் குறிப்பிடும் எழுதும் அளவு 80 டெராபைட். தினமும் 20 ஜி.பி. எழுதினாலும் பத்து வருடத்தைத் தாண்டும். நீங்கள் அதில் கால்வாசிகூட எழுத மாட்டீர்கள்.

பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் 'க்ளோன்' செய்து தருகிறேன் என்பார்கள். உங்கள் விஷயத்தில் வேண்டாம் என்பேன். பெரிய டிஸ்க்கைச் சின்னதில் க்ளோன் செய்ய பார்ட்டிஷன்களைச் சுருக்க வேண்டும். அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏற்றித் தந்திருந்ததால் அதில் இன்னும் சிக்கல். எட்டு வருடக் குப்பையும் வைரஸும் சேர்ந்தே வரும். புதிதாக விண்டோஸ் ஏற்றச் சொல்லுங்கள். லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் சாவி பெரும்பாலும் பயாஸிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைப் போட்டால் இன்டர்நெட் இணைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். 'கிராக்' போட்டதற்கென்று தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

விண்டோஸ் 11 ஏன் வேண்டாம்? உங்களுடையது லெனோவா இ41 வரிசை என்றால் உள்ளே இருப்பது ஏ.எம்.டி. ஏ-வரிசைச் செயலி. மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் அது இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஓடவும் செய்யும். ஆனால் அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை. 4 ஜி.பி. ரேமில் அது மூச்சு வாங்கும், அப்புறம் எஸ்.எஸ்.டி. போட்ட பயன் பாதி போய்விடும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதும் உண்மைதான். மைக்ரோசாஃப்ட் கணக்கு மூலம் நீட்டிப்பில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்குப் பிறகு நான் சொல்லும் வழி, அதே எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ.யையும் ஏற்றி, பட்டா, இ-சேவை, பேங்க் என்று இன்டர்நெட் வேலையெல்லாம் அதில் பார்ப்பது. டேலி விண்டோஸில்தான் ஓடும். அதை இணைப்பு இல்லாத விண்டோஸ் 10-ல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்99-ல் அடிக்க மின்டில் தடையில்லை.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் ஊரார் ஆதார் நகல், பத்திரம், போட்டோ எல்லாம் இருக்கிறது. டெலீட் செய்ததை மீட்டெடுக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யு.எஸ்.பி. கேஸ் வாங்கி அதில் போட்டு, வாரம் ஒரு முறை டேலி பேக்கப் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். இதை எஸ்.எஸ்.டி. வந்த பிறகும் விடக்கூடாது. ஹார்டு டிஸ்க் சாகும் முன் சில நேரமாவது சத்தம் போட்டு எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. பல நேரம் சொல்லாமலே போய்விடும்.

எஸ்.எஸ்.டி. போட்ட பிறகும் பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்தால் திணறுகிறதா? அப்போது ரேமை 8 ஜி.பி. ஆக்குங்கள். மூடியைத் திறக்கும்போதே காலி ஸ்லாட் இருக்கிறதா, எந்த வகை ரேம் என்று பார்த்துக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

எஸ்.எஸ்.டி., ரேம் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு மதர்போர்டோ டிஸ்ப்ளேயோ போனால் அதற்குச் செலவு செய்யாமல், எஸ்.எஸ்.டி.யை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வேறு லேப்டாப் வாங்குங்கள்.