ஸ்கூட்டர் பேனலில் கீறலா? வீட்டிலேயே சரிபண்ணலாம்!

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சரக்கு லாரிக்கும் கைவண்டிக்கும் நடுவில் புகுந்து வருகிற வண்டியில் கீறல் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஃபோர்ட் கொச்சி–வைப்பின் ரோ-ரோ படகில் நெருக்கியடித்து நிறுத்தினாலும் பக்கத்து வண்டியின் ஹேண்டில் நம் பேனலில் ஒரு கோடு போட்டுவிடும். இதற்கெல்லாம் புதுப் பேனல் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். கைவசம் வைத்துக்கொள்ள சில யோசனைகள்:

1. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வந்து பேனலில் வையுங்கள். ஒட்டினால் தகரம், நழுவினால் பிளாஸ்டிக். ஒரே ஸ்கூட்டரில் இரண்டும் இருக்கும். உப்புக் காற்றில் தகரம் சீக்கிரம் துருவேறும் என்பதால் அதை முதலில் கவனியுங்கள். பிளாஸ்டிக் காத்திருக்கும்.

2. கீறல் மேல் கொஞ்சம் தண்ணீர் தடவுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் மறுபடி தெரிந்தால் மேலே உள்ள கிளியர் பூச்சு மட்டும்தான் கீறியிருக்கிறது, பெயிண்ட் செலவே இல்லை. விரல் நகம் சிக்கினால் ஆழமான கீறல்.

3. மேலோட்டமான கீறலுக்கு ரப்பிங் கம்பவுண்டைப் பழைய பனியன் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். வெள்ளை டூத் பேஸ்டும் ஓரளவு கைகொடுக்கும், ஜெல் பேஸ்ட் உதவாது. ஷாம்பூ போட்டுக் கழுவிய பிறகே தேயுங்கள். இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் மணலே புதுக் கீறல் போடும்.

4. அடுத்த வண்டியின் பெயிண்ட் நம் வண்டியில் ஒட்டியிருந்தாலும் கம்பவுண்டே எடுத்துவிடும். தின்னர் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

5. பேனலைக் கழற்றும்முன் மொபைலில் நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றுகிற ஸ்குரூக்களைப் பழைய இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டு வையுங்கள். நீளம் மாறின ஸ்குரூவை முடுக்கித்தான் பாதிப் பேனல்கள் உடைகின்றன.

6. கழற்றிய பேனலின் உள்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் 'ஏபிஎஸ்' அல்லது 'பிபி' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்றால் ஒட்டுவதும் பூசுவதும் சுலபம். பிபி-யில் பசையும் நிற்காது, பெயிண்டும் நிற்காது; அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பிரைமர் அடித்தே ஆக வேண்டும்.

7. ஏபிஎஸ் பேனல் விரிசல் விட்டிருந்தால் பசையை நீங்களே தயாரிக்கலாம். மெக்கானிக் கடையில் தூக்கிப் போட்ட ஏபிஎஸ் துண்டைப் பொடியாக நறுக்கி, கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் கூழாக இருக்கும். விரிசலின் முனையில் ஊசித் துளை ஒன்று போட்டுவிட்டு (அதற்கு மேல் விரிசல் ஓடாது), உள்பக்கம் ஜன்னல் கொசுவலைத் துண்டை வைத்து அதன்மேல் பூசுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் அடுப்படியில் வேண்டாம்.

8. பேனலை மாட்டுகிற சின்னக் காது உடைந்துவிட்டதா? உடைந்த இடத்தைச் சேர்த்துப் பிடித்து, ஃபெவிக்விக் ஒரு சொட்டு, அதன்மேல் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. நொடியில் கல்லாகிவிடும். கொஞ்சம் புகையும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

9. தேய்க்க வாட்டர் பேப்பர் 400, 600, 800 என்று ஒவ்வொன்றில் ஒரு தாள் போதும். தேய்ந்த ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி அதில் பேப்பரைச் சுற்றிக்கொண்டால் பள்ளம் விழாமல் சமமாகத் தேயும். கீறலின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படாமல் போகும் வரை விடாதீர்கள். அங்கே தட்டினால் பெயிண்ட் அடித்த பிறகும் தெரியும்.

10. இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் பெயிண்ட் வேலையைத் தள்ளிப் போடுங்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் காய்கிற பெயிண்டின்மேல் வெள்ளையாக மூட்டம் படரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் கொச்சியில் நல்ல காலம். மற்ற மாதங்களில், ஃபோர்ட் கொச்சி டோபி கானாவில் நம் தமிழ்ச் சலவைக்காரர்கள் முறுக்குக் கயிற்றில் துணி செருகியிருக்கிற நாளாகப் பாருங்கள். அடிப்பது மட்டும் நிழலில்.

11. கலர் பெயரை நம்பி வாங்காதீர்கள், வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு. சீட்டுக்கு அடியிலோ கையேட்டிலோ கலர் குறியீடு இருக்கிறதா என்று தேடிப் பார்த்துச் சொல்லி வாங்குங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் அடித்துக் காயவைத்து, வண்டியோடு ஒட்டிப் பார்த்த பிறகே பேனலுக்குப் போகலாம்.

12. ஸ்ப்ரே டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தி (அடுப்பில் வைக்கவே கூடாது), இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். தூவல் மெல்லியதாக வரும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பேனலுக்கு வெளியே தொடங்கி வெளியே போய் முடியுங்கள். முதல் கோட்டில் பழைய நிறம் எட்டிப் பார்க்கத்தான் செய்யும், பதறி அதிலேயே மேலே மேலே அடித்தால் வழிந்துவிடும். பத்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட், அதன்மேல் இரண்டு கிளியர். கதவைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள்.

13. வழிந்துவிட்டால் ஈரத்தில் துடைக்காதீர்கள். மறுநாள் நன்றாகக் காய்ந்ததும் 1000 பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மேலே ஒரு கோட் கொடுங்கள்.

14. வேலை முடிந்ததும் டின்னைக் கவிழ்த்துப் பிடித்து, வெறும் காற்று வருகிற வரை அழுத்துங்கள். முனை அடைக்காது, மிச்சம் அடுத்த கீறலுக்கு ஆகும்.

15. டின் பெயிண்ட் பெட்ரோலுக்குத் தாங்காது. டேங்க் மூடிக்குப் பக்கத்தில் அடித்திருந்தால், பங்கில் சிந்துகிற சொட்டை உடனே துடைத்துவிடுங்கள்.

16. பெயிண்ட் இல்லாத கறுப்பு பிளாஸ்டிக் வெளுத்திருந்தால் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் இருக்கிறது. பளபளப்பு ஒருநாள் கூத்து, அதன்பிறகு புழுதிதான் ஒட்டும். பிளாஸ்டிக் டிரிம் பாலிஷ் சின்ன பாட்டில் ஒன்று வாங்கினால் பல மாதம் வரும்.

17. ஹெட்லைட்டையோ மட்கார்டையோ தாங்குகிற இடம் உடைந்திருந்தால் மேற்சொன்ன எதையும் செய்யாதீர்கள், மாற்றிவிடுங்கள். பழைய வண்டி உடைக்கிற கடையில் அதே கலரிலேயே கிடைத்தாலும் கிடைக்கும்.

18. அதே கலரில் அடிக்கும்வரை யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆசைப்பட்டு வேறு கலருக்கு மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், கே.எல். 43 வண்டி என்றால் மட்டாஞ்சேரி ஆர்.டி. ஆபீசில் கேட்டுக்கொண்டு பிறகு டின் வாங்குங்கள்.